தடிமனும் நாரிநோவும்: மருத்துவர் கிறீன் விட்டுச் சென்ற வேலை

அண்மையில் யாழ்ப்பாணத்தில் முதுநிலைப் பட்டத்துக்காக ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நோயாளி தமிழில் சொல்லும் முறைப்பாட்டைச் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் வகைப்படுத்தி, மருத்துவர் பார்க்கும் முன்பே ஒரு குறிப்பைத் தயாரித்துக் கொடுப்பது அவருடைய ஆய்வு. அவர் கேட்ட கேள்வி எளிமையானது: "ஐயா, அந்தரமாயிருக்கு என்று எங்கள் சனங்கள் சொன்னால் அதற்கு என்ன பொருள்?"

சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பெரும்பாலும் தமிழ்நாட்டு எழுத்தைப் படித்துப் பழகிய இயந்திரத்துக்கு அந்தரம் என்றால் ஆகாயம். தடிமன் என்றால் பருமன். நாரி என்றால் பெண். யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி "தடிமனும் காய்ச்சலும், நாரியும் நோகுது, விடிய இரண்டு தரம் சத்தி எடுத்தனான்" என்று சொன்னால், சளி, இடுப்பு வலி, வாந்தி என்ற மூன்றும் அதற்குப் புலப்படா. மருத்துவமனைப் பதிவேடுகளைக் கொண்டு அதனைப் பயிற்றலாமே என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல் என்றார். பதிவேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயாளி தமிழில் சொன்னது மருத்துவரின் பேனாவிலேயே மொழிபெயர்ந்து விடுகிறது. சொன்ன சொல் எங்கும் எஞ்சுவதில்லை.

தொலைபேசியை வைத்தபின் என் நினைவு மானிப்பாய்க்குச் சென்றது.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்தவர். அமெரிக்க மிஷனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்னரே 1819இல் ஜோன் ஸ்கடர் வந்து பண்டத்தரிப்பில் வைத்தியம் பார்த்திருந்தார். கிறீன் 1848இல் மானிப்பாயில் நிலைகொண்டு, அதே ஆண்டில் ஒரு சில மாணவர்களுடன் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இல்தான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்களோ அரசாங்க உத்தியோகத்தை நாடிப் புறப்பட்டனர். கிராமத்துக்கு வைத்தியர் வேண்டுமென்றுதானே பள்ளி தொடங்கினோம் என்ற கவலை கிறீனை விடவில்லை. 1857இல் தாயகம் சென்று 1862இல் திரும்பி வந்தவர், 1864இல் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். இதனை எல்லோரும் வரவேற்றனர் என்று எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலம் சோறு போடும், தமிழ் என்ன போடும் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது. எனினும் கிறீன் அசையவில்லை. மாணவர் ஐரோப்பிய உடைக்கு மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை. 1873இல் அவர் நாடு திரும்பும்வரை உருவாக்கிய மருத்துவர் 62 பேர். அவருள் 33 பேர் தமிழில் கற்றவர்கள்.

தமிழில் கற்பிக்கப் புத்தகம் வேண்டும். பிரசவ வைத்தியம் முன்னரே, 1857இல், வெளிவந்திருந்தது. அதன்பின் 1867இல் இரண வைத்தியம், 1872இல் கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற பெயரில், 1875இல் 'கெமிஸ்தம்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சப்மன், டான்வோத், போல் முதலிய அவருடைய மாணவர்கள் மொழிபெயர்ப்பில் பங்குகொண்டனர். (பெயர்களைப் பார்த்து வெள்ளைக்காரர் என எண்ண வேண்டாம்; மிஷன் பள்ளிகளில் படித்த நம்மவர்கள் அமெரிக்கப் பெயர் பெறுவது அக்கால வழக்கம்.) இன்றைய முதுநிலை ஆய்வேடுகளுக்கு ஒப்பாக எதையாவது காட்டச் சொன்னால், இந்த மாணவர்களின் உழைப்பைத்தான் காட்டுவேன்.

கலைச்சொல்லுக்கு அவர்கள் வகுத்த முறை தெளிவானது. முதலில் தமிழில் தேடுவது, கிடைக்காவிடின் வடமொழி, அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது. அங்காதிபாதம், சுகரணம் என்பவை இன்று நம் காதுக்குக் கரடுமுரடாகவே இருக்கின்றன. கெமிஸ்தமும் நிலைக்கவில்லை, இரசாயனவியல் அதன் இடத்தைப் பிடித்தது. ஆயினும் அமெரிக்கா திரும்பிய பின்னரும் கிறீன் இப்பணியைக் கைவிடவில்லை. 1884இல் வூஸ்டரில் காலமானார். தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்றே அவர் கல்லறை அவரைக் குறிக்கிறது. ஈழத்தில் கவிஞர் அம்பி 1967இல் 'கிறீனின் அடிச்சுவடு' எழுதியிராவிடில் நம்மிற் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திராது.

அவருக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி தொடரவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தொடங்கியபோது பயிற்றுமொழி ஆங்கிலமே. உலகத்தோடு பேச வேண்டிய துறைக்கு அது தவிர்க்க முடியாததுதான். ஆனால் நோயாளியின் மொழி மாறவில்லையே!

கணினியை மருத்துவத்துக்குப் பழக்கும் முயற்சியும் ஒரு மாணவரின் ஆய்விலேதான் வேர்விட்டது எனலாம். 1970களில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் ஷோர்ட்லிவ் தம் கலாநிதிப் பட்டத்துக்காக 'மைசின்' என்ற நிரலை ஆக்கினார். இரத்தத்தில் தொற்றிய கிருமியைக் கணித்து மருந்தும் சொல்லும். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டால் காரணமும் கூறும். சோதனைகளில் சிறப்பாகச் செயற்பட்டும் நோயாளிகளிடம் அது பயன்படுத்தப்படவே இல்லை. 2016இல் நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பைப் படத்தில் கண்டறியும் கூகிள் நிறுவனத்தின் ஆய்வு வெளியானபோது, அதற்குப் படங்கள் வழங்கியவற்றுள் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவையும் இருந்தன. கண்ணின் படத்துக்கு மொழி தேவையில்லை. வயிற்றுவலிக்காரர் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

மாணவருக்கு அன்றிரவே சில சொற்களை எழுதி அனுப்பினேன். தடிமன், சத்தி, தலையிடி, உளைவு, குளிசை ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு வரி போதுமாயிருந்தது. அந்தரத்துக்கு மட்டும் முழுப் பக்கம் பிடித்தது. மூச்சுத் திணறலா, மனப்பதற்றமா, மாரடைப்பின் முன்னறிகுறியா, அல்லது பிள்ளை வெளிநாட்டிலிருந்து இரண்டு நாளாகத் தொலைபேசி எடுக்காத தவிப்பா? அவர் பதில் எழுதியிருக்கிறார்: இவற்றைப் பிரித்தறிய இன்னும் பல நூறு பேரின் பேச்சு வேண்டுமாம். வரும் கிழமை ஒலிப்பதிவுக் கருவியுடன் கிராமங்களுக்குப் போகிறார். மானிப்பாயில் தொடங்குங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.