மக்கள் ஆணையும் மன்றத்தின் வாக்கும்

2022ஆம் ஆண்டு மே 9ஆந் திகதி பிரதமர் பதவியைத் துறந்த மகிந்த ராஜபக்ச, கொழும்பில் தங்க இயலாது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அடைக்கலம் புகுந்தார். செய்தி பரவியதும் மறுநாளே தளத்தின் வாயிலில் மக்கள் கூடி எதிர்ப்பு முழங்கினர். அத்துறைமுகத்தின் அருகே பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அவ்வாண்டு ஜனவரியில் அரசு இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையோடு உடன்படிக்கை செய்திருந்தது. சில மாதங்களுள் நாடு முழுவதும் எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. அன்புவழிபுரம் முதலிய புறநகர்க் குடியிருப்புகளில் வாழும் உழைப்பாளிக்கு அரசியல் நெருக்கடி என்பது, மண்ணெண்ணெய்க் கலனோடு காத்து நிற்பதே ஆயிற்று.

இக்கொந்தளிப்பின் முடிவில், 2019இல் 69 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்ற கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டோடி, ஜூலை 14ஆந் திகதி சிங்கப்பூரிலிருந்து பதவி விலகல் கடிதம் அனுப்பினார். ஜூலை 20ஆந் திகதி பாராளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தெரிவு செய்தது. அவருக்கு ஆளும் உரிமை உண்டா? உரிமை இல்லையெனில் எதிர்க்கட்சிகள் செய்ய வேண்டியது யாது? அன்று எழுந்த இவ்வினாக்கள் ஒரு மனிதரோடு முடிந்து போவன அல்ல. ஆதலால் அவற்றை நிதானமாக ஆராய்தல் நம் கடமையாகும்.

சட்டத்தின் நிலை தெளிவானது. ஜனாதிபதி பதவி இடையில் வெற்றிடமானால், பாராளுமன்றம் தன் உறுப்பினருள் ஒருவரை எஞ்சிய காலத்துக்குத் தெரிவு செய்யலாம் என்பது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 40ஆம் உறுப்புரை. 1993இல் பிரேமதாச கொல்லப்பட்டபோது டி. பி. விஜேதுங்க இம்முறைப்படியே போட்டியின்றித் தெரிவானார். எனவே ரணிலின் தெரிவைச் சட்டவிரோதம் என்பதற்கு இடமில்லை.

ஆயினும் சட்டம் கொடுக்கும் பதவி வேறு; மக்கள் கொடுக்கும் ஆணை வேறு. 2020 பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதிலும் பெற்றவை இரண்டரை இலட்சத்துக்கும் குறைவான வாக்குகளே. ஒரு மாவட்டத்திலேனும் அது ஓர் ஆசனம் பெறவில்லை. கிடைத்த ஒரேயொரு தேசியப்பட்டியல் இடத்தின் வழியாகவே ரணில் மன்றத்துக்கு வந்தார். அவருக்குக் கிடைத்த 134 வாக்குகளுட் பெரும்பாலானவை, மக்கள் எந்த ஆட்சியை வீதியில் இறங்கி நிராகரித்தனரோ அந்த ஆட்சியின் கட்சிக்காரருடையவை. அம்மன்றம் 2020இன் மக்கள் மனத்தைக் காட்டிற்றேயன்றி 2022இன் மனத்தைக் காட்டவில்லை.

இந்நிலையில் எதிர்த்தரப்பு மூன்று வழிகளாகப் பிரிந்தது. ஐக்கிய மக்கள் சக்தியின் தலைவர் சஜித் பிரேமதாச போட்டியிலிருந்து விலகி, ஆளுங்கட்சியிலிருந்தே வந்த டளஸ் அழகப்பெருமவை ஆதரித்தார். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரையே ஆதரிக்கத் தீர்மானித்தது. கிடைத்தவை 82 வாக்குகள். தேசிய மக்கள் சக்தியின் அனுர குமார திசாநாயக்க தனித்து நின்று 3 வாக்குகள் பெற்றார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியின் இருவர் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றனர்.

முதலாவது வழி, நிராகரிக்கப்பட்ட முகாமுக்குள்ளேயே மாற்று ஆளைத் தேடிய வழி; கணக்கிலும் தோற்றது, கொள்கையையும் மங்கச் செய்தது. இரண்டாவது, தோல்வி உறுதியென அறிந்தும் தனக்கென ஒரு நிலைப்பாட்டைப் பதிவு செய்த வழி. மூன்றாவதன் பின்னே ஒரு நியாயம் இருந்தது. தேசிய இனப் பிரச்சினையில் வேட்பாளருக்கிடையே வேறுபாடு காணாத ஒரு பிரதிநிதி எவருக்கு வாக்களிப்பார்? ஆனால் புறக்கணிப்பு ஓர் ஆட்சியின் உரிமையைப் பறிக்குமா என்பதை நம் வரலாறு முன்னரே சோதித்துள்ளது.

2005 நவம்பர் 17ஆந் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் விடுதலைப் புலிகள் புறக்கணிப்பைத் திணித்தனர். ஏறத்தாழ 7 இலட்சம் வாக்காளர் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஒருவரளவிலேயே வாக்களித்தனர். மகிந்த ராஜபக்ச 1,80,786 வாக்குகளால் மட்டுமே ரணிலை வென்றார். அடுத்த ஜனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டிலேயே சம்பூர் மக்கள் ஊரிழந்து பெயர்ந்தனர். மறுதரப்பு வென்றிருந்தால் போர் வந்திராது என்று எவரும் உறுதி கூற முடியாது. எனினும் ஒன்று மறுக்கவொண்ணாதது: வாக்களியாதவர் மீதும் அந்த ஜனாதிபதியின் அதிகாரம் முழுமையாகவே பாய்ந்தது. ஆணை தர மறுத்தோர் பதவியைத் தடுக்கவில்லை. அதன் எல்லையைக் குறுக்கவுமில்லை.

மக்கள் ஆணையற்ற ஆட்சி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையும் 2022க்குப் பிந்திய நிகழ்ச்சிகள் காட்டின. பதவியேற்ற மறுநாள், ஜூலை 22 அதிகாலையில், காலிமுகத்திடல் போராட்டக்காரர் மீது இராணுவம் பாய்ந்தது. 2023 பெப்ரவரிக்குப் பின் பாராளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரம் இருந்தும் ஜனாதிபதி அதனைக் கலைக்கவில்லை. அவ்வாண்டு மார்ச் 9ஆந் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் முடக்கப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் ஆணை இல்லாதவர் அஞ்சுவது மக்களின் வாக்குக்கே.

2024 செப்டெம்பர் 21ஆந் திகதி தேர்தல் வந்தபோது ரணில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். மன்றத்தில் 3 வாக்குகள் பெற்ற அனுர குமார ஜனாதிபதியானார். திருகோணமலை மாவட்டம் அன்று சஜித்துக்கே முதலிடம் தந்தது. நவம்பர் பொதுத்தேர்தலில் அதே மாவட்டம் தேசிய மக்கள் சக்திக்கு நான்கில் இரண்டு ஆசனங்களைத் தந்தது. இரண்டு மாதத்துள் மக்கள் மனம் இவ்வளவு நகருமெனின், ஈராண்டுக்கு முந்திய மன்றமொன்று அவர்கள் பெயரால் பேசியது எங்ஙனம் பொருந்தும்?

புதிய ஜனாதிபதிக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். முதல் எண்ணிக்கையில் அவர் பெற்றது 42.31 விழுக்காடு, நாட்டின் வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணியே வெற்றி முடிவாயிற்று. அதுவும் சட்டப்படியானதே. ஆனால் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்று 1994இல் சந்திரிகா குமாரதுங்க அளித்த வாக்குறுதி, அவர் பதவி முடிந்த 2005 வரை நிறைவேறவில்லை. 2024இன் வெற்றியாளரும் அதே வாக்குறுதியுடனேயே வாக்குக் கேட்டார். ஆட்சியின் உரிமை வென்ற நாளோடு நிறைவுறுவதன்று. சொன்னதைச் செய்வதால் நாள்தோறும் ஈட்டப்பட வேண்டியது.

எனவே எதிர்த்தரப்பின் கடமை, ஆட்சியாளரை அங்கீகரிக்க மறுத்து ஒதுங்கி நிற்பதோ, மன்றத்துக்குள் தலைகளைக் கூட்டிக் கழிப்பதோ அன்று. தேர்தல் எங்கெல்லாம் ஒத்திவைக்கப்படுகின்றதோ அங்கெல்லாம் அதனைக் கோரிப் போராடுவதும், தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்ற வேறுபாடின்றி உழைக்கும் மக்களை அக்கோரிக்கையின் பின் ஒன்றுதிரட்டுவதுமே அதன் முதற் பணி. அவ்வொற்றுமை பெருகவேண்டுமாயின், தமிழரின் அரசியல் உரிமைக் கோரிக்கையையும் எதிர்த்தரப்பு தன் சொந்தக் கோரிக்கையாக ஏற்றாக வேண்டும். அதனைத் தவிர்த்துவிட்டு மக்கள் ஒற்றுமையைப் பேசுவதிற் பயனில்லை.