ரசிகர்கள் வெறுத்த காரும் கபாலத்தின் அடித்தட்டும்

நைட் டியூட்டியில் நான் அடிக்கடி கேட்கிற கேள்வி இது.

"டாக்டர், தலையில காயமே இல்லையே, அப்புறம் எப்படி சீரியஸ்னு சொல்றீங்க?"

பைக்கில் இருந்து விழுந்தவராக இருப்பார். நெற்றியில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆனா ரெண்டு கண்ணைச் சுற்றியும் கருநீலமா ரத்தம் கட்டியிருக்கும். மூக்கிலோ காதிலோ தண்ணி மாதிரி ஏதோ வடியும். அது தண்ணி இல்லீங்க, மூளையைச் சுற்றி இருக்கும் திரவம். மூளையைத் தாங்கி நிற்கும் கபாலத்தின் அடித்தட்டு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் "பேசல் ஸ்கல் ஃப்ராக்சர்" என்போம்.

இந்த ஒரு எலும்பு முறிவு ஒரு நாட்டின் கார் பந்தயத்தையே மாற்றியது. அந்த மாற்றத்தை ரசிகர்கள் எவ்வளவு திட்டினார்கள் என்பதுதான் இன்றைய கதை. வாங்க பார்ப்போம்.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயம் 1948ல் பில் ஃப்ரான்ஸ் தொடங்கியது. பெரும்பாலும் நீள்வட்டப் பாதை. இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓட்டணும். 1949ல் முதல் சீசன் நடந்தபோது ஒரே ஒரு கொள்கைதான்: ஷோரூமில் நீங்க வாங்குற அதே கார்தான் பந்தயத்திலும் ஓடணும். அதனால்தான் "ஸ்டாக் கார்" என்ற பெயர். ஃபோர்டு குடும்பம், செவர்லே குடும்பம் என்று தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து நின்ற ரசிகர்கள். காலப்போக்கில் உள்ளே எல்லாம் பந்தயத்துக்கென்றே செய்த இரும்புக் கூடாக மாறிவிட்டது. இருந்தாலும் வெளித்தோற்றம் அவங்க வீட்டு வாசலில் நிற்கும் காரை ஞாபகப்படுத்தணும்.

2000 மே மாதம், நியூ ஹாம்ப்ஷயர் பாதையில் ஆடம் பெட்டி என்ற 19 வயதுப் பையன் பயிற்சியின்போது சுவரில் மோதி இறந்தான். ஜூலையில் அதே பாதையில் கென்னி இர்வின் இறந்தார். இருவருக்குமே கபால அடித்தட்டு முறிவு.

பிறகு 2001 பிப்ரவரி 18. டேடோனா 500 பந்தயத்தின் கடைசிச் சுற்று. ஏழு முறை சாம்பியனான டேல் எர்ன்ஹார்ட், கறுப்பு நிற 3ம் எண் காரில் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். முன்னால் போன இரண்டு பேரும் அவருடைய சொந்த டீம், அதில் ஒருவர் மகன். கார் சறுக்கி, மேலேறி, சுவரில் மோதியது.

வீடியோ பார்த்தால் உங்களுக்கு ஒன்றுமே தோணாது. கார் உருளவில்லை, தீப்பிடிக்கவில்லை. அவர் அங்கேயே முடிந்துவிட்டார். வயது 49.

உடனே ரசிகர்களின் கோபம் அவர் காரில் லேசாக உரசிய ஸ்டெர்லிங் மார்லின் மேல் திரும்பியது. கொலை மிரட்டல் வரை போனது. அடுத்து, அறுந்துபோன சீட் பெல்ட் மேல் பழி. கடைசியில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரி மையர்ஸ் ஆய்வு செய்து சொன்னார்: பெல்ட் அறுந்திருக்காவிட்டாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

ஏன்? எளிமையாகச் சொல்றேன். மோதலில் கார் நின்றுவிடுகிறது. பெல்ட் உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. தலையை யார் பிடிப்பது? யாருமில்லை. ஹெல்மெட் எடையோடு சேர்ந்து தலை முன்னால் பறக்கிறது, கழுத்து அதைப் பின்னால் இழுக்கிறது. இந்த இழுபறியில், தண்டுவடம் இறங்கும் ஓட்டையைச் சுற்றி எலும்பு விண்டு போகிறது. ஹெல்மெட் வெளி அடியைத் தாங்கும், இந்த இழுவையை அதால் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கான மருந்து ஏற்கனவே இருந்தது என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், அவர் மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும் 1980களிலேயே "ஹான்ஸ்" என்ற தோள்பட்டைக் கருவியை உருவாக்கிவிட்டார்கள். தோளில் உட்காரும் ஒரு காலர், அதிலிருந்து ஹெல்மெட்டுக்கு இரண்டு பட்டைகள். அவ்வளவுதான். எர்ன்ஹார்ட் அதைத் தூக்குக்கயிறு என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். அவர் இறந்து எட்டு மாதம் கழித்து, இன்னொரு பந்தயத் தொடரில் இன்னொரு இளைஞரும் இறந்த பிறகுதான், 2001 அக்டோபரில் நாஸ்கார் இதுபோன்ற கருவியைக் கட்டாயமாக்கியது. சுவர்களுக்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் வடிவமைத்த, அடியை உள்வாங்கும் தடுப்புகள் வந்தன.

அடுத்து காரையே மாற்றினார்கள். பெயர் "கார் ஆஃப் டுமாரோ", நாளைய கார். 2007 மார்ச்சில் பிரிஸ்டலில் அறிமுகம். ஓட்டுநர் இருக்கையைக் கதவிலிருந்து தள்ளி நடுப்பக்கம் நகர்த்தினார்கள். கூரையை உயர்த்தி, காரை அகலமாக்கி, கதவுக்குள் அடி வாங்கும் நுரைப்பொருளை அடைத்தார்கள். ஒரு டாக்டரா பார்த்தா அற்புதமான கார்!

ரசிகர்களுக்கோ வயிற்றெரிச்சல். பெட்டி மாதிரி உருவம், பின்னால் பொருத்தமே இல்லாத ஒரு இறக்கை. செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ், டொயோட்டா நாலுக்கும் ஒரே அச்சு. ஸ்டிக்கரை உரித்தால் எது யாருடையது என்றே தெரியாது. முதல் பந்தயத்தில் ஜெயித்த கைல் புஷ்ஷே, வெற்றி மேடையில் நின்றுகொண்டு இந்தக் காரை மோசம் என்றார். ஜெயிச்சவரே திட்டினா மத்தவங்க சும்மா இருப்பாங்களா?

2008 ஏப்ரல், டெக்சாஸ். தகுதிச் சுற்றில் மைக்கேல் மெக்டவல் நேராகச் சுவரில் மோதி, எட்டு முறை உருண்டார். எர்ன்ஹார்ட் விபத்தைவிடப் பார்க்க நூறு மடங்கு கோரம். கதவருகே வலை இறங்கியது, ஆள் வெளியே வந்து கையசைத்தார். 2021ல் இதே மெக்டவல்தான் டேடோனா 500ஐ ஜெயித்தார்.

ரசிகர்கள் சொன்னது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கார் நிஜமாகவே அசிங்கம்தான். அவங்க குரல் கேட்கவும் பட்டது. 2010ல் இறக்கையைக் கழற்றினார்கள். 2013ல் உள் பாதுகாப்பை வைத்துக்கொண்டே, ஒவ்வொரு கம்பெனிக்கும் அதன் முகத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

2022ல் அடுத்த புதிய கார். பார்க்க அழகு, பெரிய சக்கரம், நவீன கியர். தோற்றத்துக்காக ரசிகர்கள் கொண்டாடினார்கள். இந்த முறை புலம்பியவர்கள் ஓட்டுநர்கள். பின்பக்கமாக மோதினால் வலி தாங்கவில்லை என்றார்கள். காரணம், பின்சட்டம் ரொம்ப விறைப்பு. கார் நசுங்கவில்லை என்றால் அந்த அடி எங்கே போகும்? உள்ளே இருப்பவரின் மூளைக்குத்தான்.

ஜூலையில் போகோனோ தகுதிச் சுற்றில் 2004ம் ஆண்டு சாம்பியன் கர்ட் புஷ் பின்பக்கமாகச் சுவரில் மோதினார். மூளை அதிர்ச்சி. எலும்பு உடையவில்லை, வெளியே ஒரு காயமும் இல்லை. செப்டம்பரில் டெக்சாஸில் அலெக்ஸ் போமனுக்கும் அதே கதை. 2023 சீசனுக்குப் பின்சட்டத்தை மாற்றி இளக்கினார்கள்.

போமன் திரும்பி வந்தார். கர்ட் புஷ் அந்தத் தொடரில் அதற்குப் பிறகு ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை. 2023 ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார்.