கூடை சுமந்தவரும் கணக்கெழுதியவரும்

செயற்கை நுண்ணறிவு எந்தெந்த வேலைகளை விழுங்கும் என்பதே இப்போது எங்கும் பேச்சு. இதற்குரிய பழைய விடை ஒன்று பூனாகலைப் பக்கத்தில் கிடக்கிறது.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்குச் செல்லும் பாதையில், சரிவுகளில் கூடையோடு நிற்கும் பெண்களைக் காண்பவர்கள், இயந்திரம் வந்தால் முதலில் பறிபோவது இவர்கள் வேலைதான் என்று எண்ணக்கூடும். வரலாறு அவ்வாறு நடக்கவில்லை.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழுந்தைப் பறித்ததும் கை. பங்களா விறாந்தையில் மேசையிட்டு உருட்டியதும் கை. சில ஆண்டுகளிலேயே உருட்டுவதற்கு இயந்திரம் வந்தது. கரியடுப்புகள் இருந்த இடத்தில் உலர்த்தும் இயந்திரங்கள் அமர்ந்தன. பறிக்கும் கை மட்டும் அப்படியே நின்றது.

தொழிற்சாலைத் தரையில் அமர்ந்து, தூளிலிருந்து குச்சி பொறுக்கிய பெண்கள் ஒரு காலத்தில் எத்தனையோ பேர். நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது. கண் செய்த வேலையை ஒளிக்கருவி செய்யத் தொடங்கிவிட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கு நெருங்கிய உறவு இதுதான்.

அடுத்தவர் கணக்கப்பிள்ளை. முழுப்பேரா, அரைப்பேரா என்பதை அவர் பென்சில் தீர்மானித்த நாட்கள் உண்டு. இப்போது மின்னணுத் தராசு நிறையைத் தானே பதிந்துகொள்கிறது. அந்தப் பென்சிலுக்கு அஞ்சியவர்கள் இதற்காக வருந்தப் போவதில்லை!

ஆனால் லயத்தில் பிறந்த பிள்ளைக்கு வெளியேறும் ஏணியாக இருந்ததும் எழுத்தும் கணக்குந்தான். தோட்டத்து அலுவலகம், கொழும்புக் கடைகளின் பேரேடு, பிறகு வங்கி. கணினி இன்று விரைந்து கற்றுக்கொள்வது கணக்கு, கடிதம், மொழிபெயர்ப்பு, பிழைதிருத்தம் ஆகியவற்றைத்தான். எங்கள் அச்சுக்கோப்பாளர்கள் ஈயத்தோடு மறைந்ததைக் கண்ட எனக்கு இது புதிதன்று.

கொழுந்து பறிப்பதும் என்றென்றைக்கும் காப்பானதன்று. 2023 மே மாதம் கென்யாவின் கெரிச்சோவில் பறிக்கும் இயந்திரங்களைத் தொழிலாளர்கள் தீயிட்டனர். எனினும் ஊவாவின் செங்குத்துச் சரிவும், இரண்டு இலை ஒரு மொட்டு என்ற தரமும் இன்னும் கையையே கேட்கின்றன. அந்த வேலை நிலைத்திருப்பதில் மகிழ்வதற்கு என்ன இருக்கிறது? அட்டைக்கடியும் நனைந்த படங்குந்தானே!

பூனாகலையில் ஒரு தாயிடம் பேசிக்கொண்டிருந்தேன். "மக பண்டாரவளையில கம்ப்யூட்டர் கணக்கு படிக்குதுங்கய்யா. இந்தக் கூடை என்னோட போகட்டும்" என்றார்.

"நல்லா படிக்கட்டும் அம்மா" என்றேன். வேறென்ன சொல்வது?