எட்டயபுரத்தில் உமறுப் புலவர் நினைவகம்



கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் எட்டயபுரம் அமைந்துள்ளது. மானாவாரிப் பருத்தியும் கம்பும் விளையும், வானம் பார்த்த கரிசல் பூமி அது. அவ்வூரில் இரு பெரும் புலவர்களுக்கு நினைவு மண்டபங்கள் உள்ளன. ஒன்று, 'கல்கி' கிருஷ்ணமூர்த்தி அவர்களின் முயற்சியால், பொதுமக்கள் வழங்கிய நன்கொடையில் எழுந்து, 1947 ஆம் ஆண்டு ராஜாஜி அவர்களால் திறந்து வைக்கப்பட்ட பாரதி மணிமண்டபம். மற்றொன்று நம் உமறுப் புலவருடையது. முன்னதை அறிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பின்னதை அறிவர்?

17 ஆம் நூற்றாண்டில் பிறந்த உமறு, எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகை முத்துப் புலவரிடம் தமிழ் பயின்றார். பின்னர், தம் ஆசிரியர் வகித்த அவைப்புலவர் பதவியையும் அடைந்தார். வள்ளல் சீதக்காதி அவர்களின் விருப்பத்திற்கிணங்க, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைச் 'சீறாப்புராணம்' என்னும் காப்பியமாகப் பாடத் தொடங்கினார். நூல் நிறைவுறும் முன்பே வள்ளல் மறைந்துவிட, பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் மூன்று காண்டங்களில் 5,027 பாடல்கள் அமைந்தன. மழைக்கு ஏங்கும் கரிசலில் தமிழ் பயின்ற அப்புலவர், அரபுப் பாலை நாட்டை மழை பொழிந்து வயல் செழிக்கும் நாடாகப் பாடினார். தமிழர் உள்ளத்தில் நபிகளாரின் நாடு அந்நியமாகிவிடக் கூடாது என்ற அன்பை நாம் அதில் காண்கிறோம்.

1703 இல் வஃபாத்தான புலவர் எட்டயபுரத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1912 ஆம் ஆண்டில், அவர் தமிழில் ஈடுபாடு கொண்ட கோனார் குலத்து அன்பர் ஒருவர் அவ்விடத்தில் நினைவுக் கட்டடம் எழுப்பினார். 2007 ஆம் ஆண்டு தமிழக அரசு மணிமண்டபம் அமைத்தது.

சிந்தித்துப் பாருங்கள்! உமறுவுக்குத் தமிழ் கற்பித்தவர் முஸ்லிம் அல்லர். அவருடைய அடக்கத்தலத்தைப் பேணிக் கட்டியவரும் முஸ்லிம் அல்லர். மக்களுக்கு நன்றி பாராட்டுவதை அல்லாஹ்வுக்குச் செலுத்தும் நன்றியோடு இணைத்தே நமக்குக் கற்பித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அந்த நன்றிக்கடன் நம்மீது இருக்கிறது. மத்ரஸாவில் பல்லாண்டுகள் ஓதிய நானும், சீறாவைக் கையிலெடுக்க வெகுகாலம் தவறியவனே. மண்டபங்களைப் பிறர் கட்டித் தந்துவிட்டனர். நூலைத் திறந்து படிப்பதையும் பிறரிடமே விட்டுவிடலாமா?

இவ்வாரம் முதல் வீட்டில் சில பாடல்களையேனும் பொருளுணர்ந்து பிள்ளைகளுடன் படியுங்கள். எட்டயபுரம் வழியே செல்ல நேர்ந்தால், இவ்வரலாற்றை அவர்களுக்கு எடுத்துக் கூறுங்கள்.

நன்றி மறவா நன்மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.