மூன்று மூட்டைத் துண்டுத் தோல்

போன தையில் எங்கப்பா செருப்புத் தைப்பதை நிறுத்தினார். பார்வை மங்கிப்போச்சு; ரப்பர் செருப்புக்கு முன்னால் கையால் தைத்ததைக் கேட்க ஆளும் இல்லை. ஊசியும் உளியும் கல்லும் ஒரு பையில் அடங்கின. மிஞ்சியது மூன்று மூட்டைத் துண்டுத் தோல்.

"வெந்நி அடுப்புல போட்டுப்புடலாங் கண்ணு, வெறகு மிச்சம்" என்றார் அம்மா.

தாத்தா காலத்தில் இந்தத் தொழிலில் மிச்சம் என்று ஒன்று கிடையாது. பண்ணாடியின் மாடு செத்தால் தூக்கிப்போவது எங்கள் வளவின் தலையில். ஆவாரம்பட்டையில் ஊறிய அந்தத் தோல் அவர் கிணற்றுக்கே கவலைச் சாலாகத் திரும்பிப் போகும். கூலி, களத்தில் அளந்துபோடும் தானியம். (படி யார் கையில் இருந்தது என்று சொல்லவேண்டியதில்லை.) கிழிந்த சால் வாராகும், வார் போக மிஞ்சியது எருக்குழிக்குப் போகும். மண் அதைத் தின்றுவிடும். கொங்குக் கிணற்றுப் பாசனத்தைப் பெருமை பேசுகிறவர்கள் இந்தத் தோலைப் பேசுவதில்லை.

1903இல் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனிடுதலைத் தொடங்கினார். தண்ணீரில் நெடுநாள் உழைக்கும் கவலைச் சால் செய்வதும் அதன் நோக்கம். 1932இல் பைக்காரா மின்சாரம், பின்னாலேயே மோட்டார். சால் போய்விட்டது, குரோம் தங்கிவிட்டது. அப்பா தோல் ஊறவைத்தவரில்லை. ஆம்பூர்ப் பக்கம் ஆலைகள் கழித்த துண்டுகளை மூட்டைக் கணக்கில் வாங்கினார்.

குரோம் தோல் லேசில் மக்காது. எரித்தாலோ அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரும் வடிவத்துக்கு மாறக்கூடும், சாம்பலிலேயே தங்கும். இத்தனை வருசமும் அந்தச் சாம்பலில்தான் எங்கம்மா பாத்திரம் துலக்கினார். பாலாற்றைக் கெடுத்ததற்காக 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. எங்கள் வெந்நி அடுப்பு எந்த வழக்கில் வந்தது?

துண்டுகளைப் பிரித்தோம். கொதிநீரில் போட்டால் பட்டைத் தோல் சுருண்டுகொள்ளும், குரோம் அசையாது. அப்பா தண்ணீர்கூடக் கேட்கவில்லை. வெட்டுவாயைத் தடவியே சொன்னார். பட்டைத் தோல் அரை மூட்டைதான் தேறியது. நறுக்கித் தென்னைக்குப் புதைத்தேன். மீதியை வாங்கிய இடத்துக்கே பஸ்ஸில் கொண்டுபோனேன். "வித்தது வித்ததுதான்" என்றார் வியாபாரி.

இரண்டரை மூட்டை இப்போது பரணில் இருக்கிறது. அம்மா அடுப்புச் சாம்பலைத் தொடுவதில்லை.