இறைவரி

கொழும்பில் சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ள வரி அலுவலகத்தின் பெயர் ‘உள்நாட்டு இறைவரித் திணைக்களம்’. தமிழ்நாட்டார் ‘வருமான வரித் துறை’ என்பர். இறுத்தல் என்றால் செலுத்துதல், செலுத்தப்படுவது இறை. சோழர் கல்வெட்டுகளில் வரி நீக்கிக் கொடுத்த நிலம் ‘இறையிலி’. பெரும்பாலும் கோயில்களுக்கும் பிராமணர்களுக்கும் கிடைத்தது.

‘இறையிலி’ என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது, வழக்கம் ஒழியவில்லை. காலிமுகத்திடலை ஒட்டிக் கடலை நிரப்பி எழுந்த துறைமுக நகருக்கான 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், பெருமுதலீட்டாளருக்கு 40 ஆண்டுகள் வரை வரிவிலக்கு அளிக்க இடம் வைத்தது. அதே நாட்டில், சர்வதேச நாணய நிதியக் கடனுக்கு அரச வருமானத்தைக் கூட்டவேண்டி வந்தபோது, 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி (வற்) 18 சதவீதமாகியது. அதுவரை தப்பியிருந்த சமையல் எரிவாயுவும் கைத்தொலைபேசியும் அதற்குள் வந்தன. கொட்டாஞ்சேனையில் காஸ் சிலிண்டர் வாங்கும் கூலிக் குடும்பமும் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்காரரும் ஒரே விகிதத்தில் இறுக்கிறார்கள். இது அநியாயம்.

பெருமுதலாளிகளிடம் வரி வாங்குவது ஒரு நாடு தனியே செய்யக்கூடியதல்ல. பன்னாட்டு நிறுவனங்களுக்கான வரிவிதிகளைப் பணக்கார நாடுகளின் மன்றத்திலிருந்து ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுவர, 2023இல் ஆபிரிக்க நாடுகள் தீர்மானம் கொண்டுவந்து வென்றன. அந்த மேசையில் இலங்கை உரத்துப் பேச வேண்டும்.