மணலில் மிதந்த லாரிகள்: ஒரு டயரின் வரலாறு

4x4 வண்டி வாங்கின நண்பர்கள் எல்லோரும் முதல் மாசமே கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு: "ஸ்டீல் ரிம்மைக் கழட்டிட்டு பெரிய அலாய் போடலாமா? பட்டன் முரட்டுத்தனமா இருக்கிற டயர் எடுக்கலாமா?" இதுக்கு யூட்யூபில் ஆயிரம் பதில் கிடைக்கும். நான் பதில் தேடிப் போன இடம், நூறு வருஷத்துக்கு முந்தைய லிபியப் பாலைவனம். எகிப்தின் மேற்குப் பகுதியில் தொடங்கி லிபியா, சூடான் வரை பரந்து கிடக்கும் மணற்காடு அது. அங்கே வண்டி புதைஞ்சா கிரேன் வராது. அடுத்த கிணறு 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். அதனால் டயர் அங்கே அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. தண்ணீர் தீர்வதற்குள் திரும்பி வருவோமா என்பதுதான் கேள்வி.

கதையின் நாயகர் ரால்ஃப் பாக்னோல்ட். 1896-ல் பிறந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, கேம்பிரிட்ஜில் எஞ்சினியரிங் படித்தவர். 1926-ல் எகிப்துக்கு மாற்றலாகி வந்தார். லீவு கிடைத்தால் சக அதிகாரிகள் போலோ விளையாடப் போவார்கள். இவர் நாலு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சொந்தச் செலவில் ஃபோர்டு காரை எடுத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போவார்.

அவருக்கு முன்பே அங்கே கார் ஓடியிருக்கிறது. முதல் உலகப்போரின்போது செனூசிகளுக்கு எதிராக பிரிட்டிஷ் படை 'லைட் கார் பேட்ரோல்' என்று ஒரு பிரிவை வைத்திருந்தது. வண்டி, ஃபோர்டு மாடல் டி. எடை குறைவு, அதுதான் அதன் பலம். பலவீனம், டயர். மூன்று, மூன்றரை அங்குல அகலம்தான். உள்ளே 55, 60 psi காற்று. சைக்கிள் டயரைக் கொஞ்சம் ஊதிப் பெரிசாக்கின மாதிரி நினைச்சுக்கோங்க. கெட்டியான சரளைத் தரையில் பறக்கும். இளகின மணலில் கத்தி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிவிடும்.

மாற்றம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1923-ல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 'பலூன் டயர்' என்ற வகையைக் கொண்டுவந்தது. டயர் அகலம், காற்றழுத்தம் கம்மி. அமெரிக்க ரோட்டில் குலுங்காமல் போவதற்காகச் செய்ததுதான் அது. 1920-களின் கடைசியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரில் இந்த வகை டயர்தான் இருந்தது. பாக்னோல்ட் 1929-லிருந்து அதை ஓட்டிக்கொண்டு பெரும் மணற்கடலுக்குள் இறங்கினார். அதுவரை மோட்டார் வண்டியால் முடியாது என்று எல்லோரும் நம்பிய இடம். சொகுசுக்காக வந்த ஒரு பொருள், செய்தவர்களே யோசிக்காத ஒரு யூஸ் கேஸில் போய் உட்கார்ந்துகொண்டது. எங்க சாஃப்ட்வேர் உலகத்தில் அடிக்கடி நடக்கிற கதைதான்.

அங்கே அவர்கள் கண்டுகொண்டதை இன்றைய கணக்கில் சொல்றேன், பொறுமையாகக் கேளுங்க. வண்டி எடை 2,000 கிலோ என்று வைப்போம். ஒரு சக்கரத்தின் பங்கு 500 கிலோ, அதாவது சுமார் 1,100 பவுண்டு. டயரில் 32 psi காற்று என்றால், தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 1,100-ஐ 32-ஆல் வகுத்தால் கிடைப்பது: 34 சதுர அங்குலம். காற்றை 16 psi-க்கு இறக்கினால் பரப்பு 69 சதுர அங்குலம். டயரின் பக்கச்சுவர் தன் விறைப்பால் கொஞ்சம் எடையைத் தாங்கும் என்பதால் கணக்கு முன்னே பின்னே இருக்கும். ஆனால் விஷயம் இதுதான்: ஒரு ரூபாய் செலவில்லாமல் டயரை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டோம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. காற்றை இறக்கும்போது டயர் பக்கவாட்டில் பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் தரையில் படியும் தடம் முக்கியமாக நீளவாக்கில்தான் வளர்கிறது. டாங்கியின் சங்கிலிப் பட்டை மாதிரி. மணலில் புதைகிற சக்கரம் தனக்கு முன்னால் ஒரு மணல்மேட்டைக் குவித்துக்கொண்டு, அதன் மேல் ஏறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சமதரையிலேயே மலை ஏறுகிற கொடுமை. நீளமான தடம் அந்த மேட்டைச் சின்னதாக்குகிறது. அதனால்தான் மணலுக்கு அகலத்தைவிட டயரின் உயரம் முக்கியம் என்று அனுபவசாலிகள் சொல்கிறார்கள்.

புதைந்த வண்டியை எடுக்கவும் பாக்னோல்டிடம் ஒரு வழி இருந்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழிக்குக் கூரை போடப் பயன்பட்ட இரும்புத் தகடுகள் கெய்ரோவில் பழைய இரும்புக்கடையில் கிடைத்தன. அதைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து வண்டியை வெளியே எடுப்பார்கள். இன்று 4x4 வண்டிகளின் கூரையில் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் பலகை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீங்க. அதன் தாத்தா இதுதான்.

பாக்னோல்ட் 1935-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் காற்றுச்சுரங்கம் ஒன்றைத் தானே கட்டி, மணல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்தார். 1941-ல் வெளிவந்த அந்தப் புத்தகத்தை, செவ்வாய்க் கிரகத்து மணல்மேடுகளை ஆராய்பவர்களும் புரட்டுகிறார்கள். புத்தகம் வருவதற்குள் போர் வந்துவிட்டது. 1939-ல் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அவருடைய கப்பல் மத்தியதரைக்கடலில் மோதி, பழுது பார்க்க போர்ட் சயீதில் நின்றது. அப்படித்தான் மறுபடி எகிப்தில் மாட்டிக்கொண்டார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஜெனரல் வேவல் அவருக்கு அனுமதி கொடுத்தார். பின்னாளில் லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப் என்று பெயர் பெற்ற படை ஆறே வாரத்தில் தயாரானது. முதலில் சேர்ந்தவர்கள் நியூசிலாந்து வீரர்கள். பிற்பாடு இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்டுகளிலிருந்து 'இந்தியன் லாங் ரேஞ்ச் ஸ்குவாட்ரன்' என்ற பிரிவும் அவர்களோடு இயங்கியது.

இப்போது நமக்கு வேண்டிய இடத்துக்கு வந்துட்டோம். அந்தப் படையின் முதல் வண்டி என்ன தெரியுமா? செவர்லே 30 ஹண்ட்ரட்வெயிட் லாரி. டூ வீல் டிரைவ்! 1941-ல் அவை தேய்ந்துபோனதும் ஃபோர்டு எஃப்30 என்ற ஃபோர் வீல் டிரைவ் லாரிகள் வந்தன. காகிதத்தில் பார்த்தால் அப்கிரேடு. நிஜத்தில் எடை கூடியது, பெட்ரோல் இரண்டு மடங்கு குடித்தது. ஒரு ரோந்துக்குழு மூன்று வாரத்துக்கான சாமானோடு சுமார் 1,100 மைல் போய்வர வேண்டும், நடுவில் பங்க் கிடையாது. பெட்ரோல் இரண்டு மடங்கு என்றால் போகிற தூரம் சுருங்குகிறது. பார்க்கக்கூடிய எதிரி நடமாட்டம் குறைகிறது. அதனால் 1942 மார்ச்சில் மறுபடி செவர்லேவுக்கே திரும்பினார்கள். அவர்களுக்கென்றே ஆர்டர் கொடுத்து, கனடாவில் செய்த 1533எக்ஸ்2 லாரிகள், சுமார் 200. அவையும் டூ வீல் டிரைவ்தான். காலில் 10.50-16 அளவு மணல் டயர். அதாவது பத்தரை அங்குல அகலம், 16 அங்குல ரிம். பின்னால் இரட்டைச் சக்கரம் கிடையாது, ஒற்றைதான். முன் சக்கரம் அழுத்திக் கெட்டியாக்கிய தடத்திலேயே பின் சக்கரமும் உருளும்.

எதிர்த்தரப்பும் இதே முடிவுக்கு வந்திருக்கிறது. ஜெர்மானியரின் கூபல்வாகன் டூ வீல் டிரைவ், எடை சுமார் 700 கிலோ. ஆப்பிரிக்காவுக்குப் போன வண்டிகளுக்குப் பருத்த பலூன் டயர் மாட்டினார்கள். எடையும் டயரும் சரியாக இருந்தால் டிரைவ் எத்தனை சக்கரத்துக்கு என்பது இரண்டாவது கேள்விதான்.

அப்போ ஜீப்? ஃபோர் வீல் டிரைவ், 6.00-16 டயர். அந்த டயரின் பட்டன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், முன்னால் போனாலும் ரிவர்ஸ் எடுத்தாலும் ஒரே பிடி. ஆனால் களிமண் சேற்றில் இடுக்குகள் அடைத்துக்கொண்டு மொட்டை டயர் ஆகிவிடும். எல்லாத் தரைக்கும் ஒரே டயர் என்று ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சேற்றுக்குச் செய்த ஆழமான பட்டன் மணலில் மண்வெட்டி மாதிரி தோண்டும். மணல் டயரில் பட்டன் மென்மையாகத்தான் இருக்கும்.

ரிம் கதை இன்னும் சுவாரசியம். காற்றை இறக்கினால் ஒரு ஆபத்து: டயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றும், உள்ளே இருக்கிற ட்யூபின் வால்வு பிய்ந்துவிடும். போர்க்கால ஜீப்பின் 'காம்பாட் ரிம்' இதற்குத்தான். இரண்டு பாதியாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய ரிம். உள்ளே ஒரு இரும்பு வளையம் டயரின் இரண்டு விளிம்புகளையும் ரிம்மோடு அழுத்திப் பிடித்திருக்கும். குண்டு பட்டுக் காற்று போனாலும் டயர் கழன்றுவிடாது. இன்றைய பீட்லாக் ரிம்மின் முன்னோடி அது. ஆனால் காற்று இருக்கும்போது அந்த போல்ட்டைக் கழட்டினால் ரிம் பாதி வெடித்துக் கிளம்பி ஆளையே கொல்லும். பழைய ஜீப்பை ரீஸ்டோர் செய்கிறவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து முதலில் வால்வைப் பிடுங்கிக் காற்றை முழுசா இறக்குங்க.

சரி, இதையெல்லாம் வைத்து இன்றைக்கு எப்படி முடிவெடுப்பது? உதாரணத்துக்கு 265/70 R16 என்ற டயரை எடுப்போம். அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், அதாவது சுமார் 185. இதையே 265/60 R18 ஆக்கினால் மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், 777-க்குப் பதில் 775. ஆனால் பக்கச்சுவர் 159 ஆகிவிடுகிறது. ரோட்டில் திருப்பத்தில் வண்டி கச்சிதமாக நிற்கும். மணலில், இறக்குவதற்கு இருந்த இடத்தில் 26 மில்லிமீட்டரை ரிம்முக்கு வாடகை இல்லாமல் கொடுத்துட்டோம். பாறையில் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற மெத்தையும் அவ்வளவு மெலிசு.

ஸ்டீலா அலாயா என்றால், ஸ்டீல் ரிம் அடிபட்டால் பெரும்பாலும் நசுங்கும், காட்டில் வைத்தே சுத்தியலால் தட்டி ஊர் வந்து சேரலாம். அலாய் விரிசல் விட்டால் அங்கேயே முடிந்தது. எந்த ரிம் எடுத்தாலும் ஸ்டெப்னி அதே அளவில் இருக்கட்டும். ரிம் வெளியே துருத்தினால் பேரிங்குக்குத்தான் பாரம்.

டயருக்கு முன்னால் வாங்க வேண்டியவை இரண்டு: நல்ல பிரஷர் கேஜ், காற்றடிக்கும் கம்ப்ரசர். ஏனென்றால் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றியாக வேண்டும். பாக்னோல்டின் ஆட்களும் சரளைத் தரை வந்ததும் நின்று காற்றடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். காற்றில்லாத டயரின் பிதுங்கின பக்கச்சுவரைக் கல் கிழிக்கும். ஹைவேயில் அதே டயர் சூடேறி வெடிக்கும். மணலில் உயிரைக் காப்பாற்றுகிற அதே 16 psi, நூறு கிலோமீட்டர் வேகத்தில் உயிரை எடுக்கும்.

வண்டியை எந்தத் தரையில் அதிகம் ஓட்டப்போறீங்க, எவ்வளவு எடை ஏற்றப்போறீங்க, எங்கிருந்து திரும்பி வரணும் என்ற மூன்றையும் ஒரு பேப்பரில் எழுதிக்கிட்டு கடைக்குப் போங்க. ரிம்மோட கலரை அதுக்கப்புறம் பேசிக்கலாம். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.